கொழும்புத்துறையிலிருந்து தொண்டைமானாறு: மச்சாளோடு படம் கீறப் போனது

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் மச்சாளும் தொண்டைமானாற்றுக்குப் போய் வந்தோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் சன்னதி முருகனிடம்தான் போவார்கள். நாங்கள் போனது படம் கீற. என் பேத்தி ஆரணி அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறாள். பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள்தான். இதை நான் எந்தக் கட்டுரையிலும் எப்படியாவது நுழைத்துவிடுவேன் என்று வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

முன்பு ஒருமுறை இந்த வகுப்பைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். லீவில் ஊருக்கு வருகிற சிலர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, எப்படிப் போவது, எவ்வளவு காசு முடியும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். போய் வந்த களைப்பு இன்னும் காலில் கிடக்கிறது. ஆனபடியால் ஆறுதலாகத்தான் எழுதுவேன், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தங்கை, பெயர் பரமேஸ்வரி. கொழும்புத்துறையில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்ப் பல வருஷம். ஒரே மகன் பாஸ்கரன் கனடாவில் இருந்தான். போன ஆடியில், வேலைக்குப் போகிற வழியில் நெஞ்சு நோகிறது என்று காரை ஓரமாக நிறுத்தியவன், பிறகு எழும்பவில்லை. நாற்பத்தொரு வயது. இவள் விசா எடுத்துப் போய்ச் சேர நாள் காணாது. சடங்கைப் போனில் பார்த்தாள். நடுவில் இரண்டு தரம் லைன் அறுந்தது.

அந்தக் கிழமை அவர்கள் ஊர்க் கோயிலில் கொடி ஏறியிருந்தது. எங்கள் பக்கத்தில் கொடி ஏறிவிட்டால் செத்தவீட்டுக்குப் போகத் தயங்குவார்கள். போனால் துடக்கு, தீட்டுப் பட்டுவிடும். பிறகு திருவிழாவுக்குக் கோயிலுக்குள் கால் வைக்க இயலாது. உடல் அந்த வீட்டு விறாந்தையில் கிடந்திருந்தால் ஒருவரும் கொடியைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஓடி வந்திருப்பார்கள். உடல் கிடந்தது கனடாவில். ஆகவே கடைசி நாள் தீர்த்தம் முடியட்டும், போய் விசாரிப்போம் என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. தீர்த்தம் முடிந்த பிறகு, இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று ஒவ்வொரு வீடும் கூச்சப்பட்டது. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் என் மகளும் போய் மூன்று நாள் இருந்தோம். பரமேஸ்வரி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். செத்தவீட்டுக்காரி குசினியில் நின்று, வந்த ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்றிலிருந்து அவள் மகனின் பெயரைச் சொல்லவில்லை. அழவுமில்லை. ஊரவர்கள் தெருவில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பிறகு அவள் தெருவுக்கே போகாமல் விட்டாள். சமைப்பாள், கோழிக்குப் போடுவாள், தான் சாப்பிட மாட்டாள். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரியாக இருந்த ஆளுக்கு வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. இப்படியே போனால் பாஸ்கரனின் ஆண்டுத்திவசத்தைப் பார்க்க இவள் இருக்க மாட்டாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

இதை ஆரணியிடம் சொன்னபோது, "கொழும்புத்துறை அம்மம்மாவை ஒருக்கா என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றாள்.

"பிள்ளையைப் பறிகுடுத்தவளை உவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து மயில் கீறச் சொல்லப் போறியோ?"

"மயில் இல்லை அம்மம்மா. உருவமே இல்லை. அரூப ஓவியம்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் உருவம், அருவம், அருவுருவம் என்று சைவசமய பாடத்தில் பாடமாக்கியது மறக்கவில்லை. கடவுளுக்குச் சொன்ன சொல்லைப் பேத்தி பெயின்றுக்குச் சொல்கிறாளே என்று நினைத்தேன். விவாதிக்கத் தெம்பில்லை. சரி என்றேன்.

போன வழி இது. என் ஊர் இணுவிலில் காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஆறரைக் கிலோமீற்றர், ஐம்பது ரூபாய். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கொழும்புத்துறைக்கு ஓட்டோ பிடித்தேன். நாலு கிலோமீற்றர்தான், ஐந்நூறு கேட்டான்.

"தம்பி, நான் போய் ஒரு ஆளை ஏத்திக்கொண்டு உடனை திரும்ப வேணும். ரெண்டுக்கும் சேத்து ஒரு விலை சொல்லு."

"ஏறுங்கோ அம்மா, எண்ணூறு தாங்கோ. ஆள் வெளிக்கிட்டு நிப்பாவோ, இல்லாட்டி இனித்தான் சேலை உடுப்பாவோ?"

"நிப்பா" என்றேன், நம்பிக்கை இல்லாமல்.

நின்றாள். படலையடியில் ஒரு துணிப் பையோடு நின்றாள். வெள்ளிக்கிழமை போனில் சொன்னபோது ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் ஒரு பெலன் வேண்டும்தானே. ஓட்டோவில் ஏறி இருந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "எப்ப மச்சாள் திரும்புறது?"

பருத்தித்துறை போகும் பஸ்கள் பல. அச்சுவேலி, தொண்டைமானாறு வழியாகப் போகிறதா என்று கேட்டு ஏறுங்கள். நெல்லியடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் வேறு எங்கோ போய் இறங்குவீர்கள். எங்கள் பஸ் எட்டேகாலுக்குப் புறப்பட்டது. ஆளுக்கு நூற்று முப்பது ரூபாய். இருபத்தைந்து கிலோமீற்றர் இருக்கும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. கோப்பாய் தாண்டியும் நின்றுகொண்டுதான் போனோம். கொண்டக்டர் பெடியன் எங்களைப் பார்த்து, "அம்மாமார், பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு நல்ல காத்து வருது" என்றான். பின்னுக்கு நின்ற ஒருவர், "ஓம், காத்து மட்டும்தான் தம்பி இனி ஏறலாம்" என்றார். நீர்வேலி வாழைத் தோட்டங்கள் தாண்டும்போது ஒரு பெண் எழும்பி இடம் தந்தாள். பரமேஸ்வரியை இருத்தினேன். அவள் யன்னலோரம் இருந்தும் வெளியே பார்க்கவில்லை. மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கிய இடத்திலிருந்து வகுப்பு வீட்டுக்கு அரைக் கிலோமீற்றர் நடை. பாலத்துப் பக்கமிருந்து காற்று உப்போடு முகத்தில் அடித்தது. நான் ஒரு மதகில் இருந்து மூச்சு வாங்கினேன். அருச்சனைச் சாமானோடு சனம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பரமேஸ்வரிக்கு மகன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, கோயிலுக்குள் வரமாட்டாள். திரும்பும்போது நான் மட்டும் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு, இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒரு குறுகிய ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. முன்னால் பெரிய மாமரம், உள்ளே ஒரு நீளமான விறாந்தை. எங்களைத் தவிர ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் அக்கம்பக்கத்தவர்கள். அவர்களில் மலர் என்ற ஒருத்தியை நீங்கள் போனாலும் தவறவிட மாட்டீர்கள். கடற்றொழில் செய்கிறவரின் மனைவி, கரையில் நின்று கதைத்தால் வள்ளத்துக்குக் கேட்கிற குரல்.

வகுப்புக்குக் காசு இல்லை. ஒரு பழைய வெள்ளைத் துணி கொண்டு போக வேண்டும், வேட்டி, சேலை, கட்டில் விரிப்பு எதுவானாலும் சரி. அந்தத் துணியில் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்றையும் பசையையும் கலந்து பூசிக் காயவைப்பார்கள். அப்படிப் பூசாவிட்டால் நிறத்தைத் துணி குடித்துவிடுமாம். காய நாள் எடுக்கும் என்பதால், நாங்கள் கொண்டு போனது அடுத்த கிழமை ஆட்களுக்கு. எங்களுக்குக் கிடைத்தது போன கிழமை யாரோ கொண்டு வந்தது. எனக்கு வந்த விரிப்பின் மூலையில் "செல்வி" என்று நூலால் தைத்திருந்தது. செல்வி யாரென்று எனக்குத் தெரியாது. அவளுடைய விரிப்பில்தான் காலை முழுக்க முழங்கால் ஊன்றி இருந்தேன்.

ஆரணி நடுவில் நின்று சொன்னாள். "பூ வேண்டாம், மயில் வேண்டாம், கோலம் வேண்டாம். கை போற பக்கம் விடுங்கோ. மற்றவையின்ரையைப் பாத்து உது என்ன எண்டு கேக்கக் கூடாது."

"உருவமில்லாட்டி என்னத்தைப் பிள்ளை கீறுறது, காத்தையோ?" என்றாள் மலர்.

"காத்தைக் கீறுங்கோவன் அக்கா."

"அது எங்கடை மனிசன் ஒவ்வொரு நாளும் கடலிலை கீறுறார், ஒரு மீனும் படேல்லை."

நான் சிவப்பும் மண்ணிறமும் எடுத்து ஒரு மூலையிலிருந்து இழுக்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த இழுப்பு அரைவட்டமாகப் போய்த் திரும்புகிற இழுப்பு ஒன்றுதான். மலர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா சாணி மெழுகுறா, விடுங்கோ" என்றாள். உது என்ன என்று கேட்கக் கூடாது என்றுதான் சட்டம், சொல்லக் கூடாது என்று சட்டமில்லையாம். எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் முழங்கால் நோவு தெரியவில்லை. அவ்வளவுதான். இந்த வயதில் அது சின்ன விஷயமுமில்லை.

பரமேஸ்வரி கதிரையில் இருந்தாள். ஆரணி அவளை ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் இரண்டு தரம் கண் காட்டினேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். எழும்பி வந்து தன் துணிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். சின்னத் தூரிகைகளை எல்லாம் விட்டுவிட்டு, சுவருக்கு அடிக்கிற அகலமான தூரிகையை எடுத்தாள். நிறங்களை எல்லாம் தள்ளி வைத்தாள். வெள்ளைப் பெயின்ற் வாளியை இழுத்தாள். மேலிருந்து கீழே பூசினாள். காயுமுன் அதன் மேல் குறுக்காகப் பூசினாள். பிறகு மறுபடியும் மேலிருந்து கீழே.

மலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, துணியே வெள்ளை. அதுக்கு மேலை வெள்ளையைப் பூசினா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் பரமேஸ்வரி.

மலர் தன் துணிக்குத் திரும்பினாள். பூசப் பூசத் துணி தோல் மாதிரித் தடித்தது. வரிகள் மேடும் பள்ளமுமாக எழும்பின. வாளியின் அடியைத் தூரிகையால் வழித்து வழித்துப் பூசினாள். தோள்மூட்டு வெளியே தெரிகிற அந்தக் கையில் இவ்வளவு வேகம் எங்கே இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் களைத்தது.

இனி நடந்ததற்குக் காரணம் நாங்கள் எல்லாரும்தான். வழக்கமாகத் துணிகளைப் பின்வளவில் காயவிடுவார்கள். அன்று பின்னால் கிணற்றடியில் கொத்து வேலை நடந்தது, ஒரே சீமெந்துத் தூசி. முன்முற்றத்தில் மாமர நிழல். பரமேஸ்வரியின் துணி அவ்வளவு தடிப்புக்கு வெயில் இல்லாமல் காயாது. எனவே ஒழுங்கை தொடங்குகிற இடத்தில், இரண்டு பக்க வேலிக்கும் மேலாகக் கயிறு கட்டி, எல்லாத் துணிகளையும் தொங்கவிட்டோம். தெருப் புழுதி ஈர நிறத்தில் ஒட்டக் கூடாது என்று நிறமுள்ள பக்கத்தை வீட்டைப் பார்க்கத் திருப்பினோம். ஆகவே தெருவால் போகிறவர்களுக்குத் தெரிந்தது, ஒழுங்கை வாசலில் வரிசையாக வெள்ளைத் துணி.

எங்கள் ஊர்களில் ஒழுங்கை வாசலில் வெள்ளை கட்டியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம், உள்ளே செத்தவீடு. கயிறு கட்டியவள் மலர், அந்த ஊர்க்காரி. அவளுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. நாங்கள் நிறமுள்ள பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் சைக்கிளில் மீன்பெட்டியோடு ஒருவர் வந்தார். படலையில் இறங்கி, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். மெல்லிய குரலில், "பிள்ளை, ஆர் மோசம் போனது?" என்றார்.

மலருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒருதருமில்லை அண்ணை. நாங்கள் கீறின படம் காயுது."

"படமோ?" அவர் திரும்பித் துணிகளைப் பார்த்தார். "நல்ல வேலை செய்தியள். கெதியா அவிழுங்கோ, சனம் மலர்வளையத்தோடை வரப்போகுது."

எல்லாரும் சிரித்தோம். தேத்தண்ணி குடித்துவிட்டுத் திருப்பிக் கட்டுவோம் என்றாள் ஆரணி. அதற்குள் மூன்று பெண்கள் வந்துவிட்டார்கள்.

மூன்று பேரும் சன்னதிக்கு வெளிக்கிட்டவர்கள். கையில் அருச்சனைக் கூடை. வேறு ஊர்க்காரர், எங்களில் யாரையும் தெரியாது. கூடையை வெளியே மதிலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். விறாந்தையில் பெண்கள் நிலத்தில் இருக்கிறோம். நடுவில் வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக, எலும்பும் தோலுமாக ஒருத்தி. அவர்களுக்கு வேறு என்ன தோன்றும். மூவரில் மூத்தவ, எழுபத்தைந்து வயது இருக்கும், நேரே பரமேஸ்வரியிடம் போனா. குனிந்து இருந்து, இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டி, தலையைத் தன் தோளில் சாய்த்தா.

"என்ரை ஆச்சி, ஆரம்மா உனக்குப் போனது?"

ஆரணி பதறி எழும்பினாள். "இல்லை அம்மா, இஞ்சை ஒருதரும்..."

"என்ரை மோன்" என்றாள் பரமேஸ்வரி. "என்ரை பாஸ்கரன்."

பிறகு வந்த குரலை அவளுடையது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. ஏழு மாதமாக நான் கேட்டிராத குரல். மூத்தவ அவளைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆடினா. எத்தனை வயது, எப்படிப் போனது, பிள்ளை குட்டி இருக்கிறதா என்று அழுகைக்கு நடுவில் ஒவ்வொன்றாகக் கேட்டா. பரமேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொல்லிச் சொல்லி அழுதாள். நாற்பத்தொண்டு. நெஞ்சுக்குள்ளை நோவு. ரெண்டு பெட்டைப் பிள்ளையள். மற்ற இரண்டு பேரும் இரண்டு பக்கமும் இருந்து தோளைப் பிடித்தார்கள். மலர் வந்து அவளுடைய காலடியில் இருந்தாள். மலருடைய சத்தத்தையும் அப்போது கேட்டேன், அது சிரிப்பில்லை.

மீன்காரர் போகவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு வாங்கை எடுத்து வந்து மாமரத்தடியில் போட்டுவிட்டு, தானே அதில் ஒரு ஓரமாக இருந்தார். வெள்ளையைக் கண்டு இன்னும் சிலர் வந்தார்கள். எங்களில் யாரும் வாசலில் நின்று விளக்கம் சொல்லவில்லை. வந்தவர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கேத்தல் நிறையத் தேத்தண்ணி கொண்டு வந்து எங்களுக்கு ஊற்றினாள். பரமேஸ்வரிக்கும் ஊற்றிக் கையில் கொடுத்தாள். அவள் அதைக் குடித்தாள்.

அழுகை ஓய்ந்த பிறகு மூத்தவ சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டா, "பிரேதம் எடுக்கிறது எத்தினை மணிக்கு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"எடுத்தாச்சு அம்மா" என்றாள் பரமேஸ்வரி. "கனடாவிலை. ஆடியிலை."

மூத்தவ பரமேஸ்வரியின் முகத்தைப் பார்த்தா. ஏமாற்றிவிட்டோம் என்று கோபித்துக்கொண்டு எழும்பினால் பரமேஸ்வரி இனி ஒருநாளும் வாய் திறக்க மாட்டாள்.

"ஆடியிலையோ" என்றா அவ. "அப்ப கன நாளாத் தனியத்தான் இருந்திருக்கிறாய்." காலை மடித்து நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டா. "சரி, கொஞ்சம் இருந்திட்டுப் போறம்."

அரை மணித்தியாலம் இருந்தார்கள். ஒழுங்கையில் தொங்கிய துணி எதற்கென்று கேட்டபோது பரமேஸ்வரியே சொன்னாள், "அதிலை அங்காலைக் கரையிலை கிடக்கிறது நான் பூசினது." மூத்தவ எழும்பிப் போய் அதைப் பார்த்தா. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தா.

"இன்னும் ஈரம். கன தரம் பூசியிருக்கிறாய் போலை."

"இன்னும் பூச வேணும் போலை கிடந்தது. பெயின்ற் முடிஞ்சுபோச்சு."

"அடுத்த கிழமை பெரிய வாளியா வாங்கி வைக்கிறன் அம்மம்மா" என்றாள் ஆரணி. மூக்கு உறிஞ்சிக்கொண்டுதான் சொன்னாள். என் பேத்தி வகுப்பில் அழக்கூடாது என்று தனக்குச் சட்டம் வைத்திருப்பவள்.

போகும்போது அந்த மூன்று பேரும் போய்வருகிறோம் என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் அப்படிச் சொல்வதில்லை. பேசாமல் எழும்பி நடந்தார்கள். நான் பின்னால் படலைவரை போனேன். மதிலில் கூடை இருந்தது. தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் வெயிலில் கிடந்தன.

"சன்னதிக்கெல்லோ வெளிக்கிட்டனீங்கள்" என்றேன்.

"இனி எங்கை போறது. வீட்டை போய்த் தலையிலை தண்ணி வாக்க வேணும்" என்றா மூத்தவ. "முருகன் எங்கை ஓடப்போறான். நாளைக்குப் பாப்பம்."

இரண்டு பஸ் ஏறி வந்தவர்கள் அவர்கள், கேட்டறிந்தேன். எனக்குக் கொழும்புத்துறைக் கொடி ஞாபகம் வந்தது. கும்பிட்டேன்.

நானும் அன்று கோயிலுக்குப் போகவில்லை. மூன்றே முக்கால் பஸ்ஸில் திரும்பினோம். பஸ்ஸில் பருத்தித்துறை வடை விற்றுக்கொண்டு ஒருவர் ஏறினார். ஒரு கடதாசிச் சரை வாங்கிப் பரமேஸ்வரியிடம் நீட்டினேன். நொறுக்கிக்கொண்டே கதைக்கத் தொடங்கினாள். பாஸ்கரனுக்கு முன்பல்லு வெளியே மிதந்தது, அதனால் இந்த வடையைத் தேத்தண்ணியில் நனைத்துத்தான் தின்பான் என்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்துக் கடலுக்குப் போனது, கனடாவுக்குப் போன புதிதில் உப்பில்லாமல் சோறு ஆக்கிவிட்டுப் போன் எடுத்து ஏசியது, மருமகளோடு சண்டை பிடித்தது, எல்லாம் வந்தது. எனக்கு நித்திரை கண்ணைச் சொருகியது. அச்சுவேலியில் தூங்கி விழுந்தேன். "மச்சாள், கேக்கிறியளோ?" என்று இடித்து எழுப்பினாள். கோப்பாயில் மறுபடி இடித்தாள். ஏழு மாதத்துக் கதையை ஒரு பஸ்ஸுக்குள் கேட்கிற காது எனக்கு இல்லை. ஆனாலும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

படம் கீறினால் எல்லாம் மாறிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பரமேஸ்வரி இன்னும் மெலிவுதான். அதற்குப் பிறகு இரண்டு தரம் போனாள், ஒரு தரம் வரமாட்டேன் என்றாள். வரமாட்டேன் என்று வாயால் சொன்னது எனக்குச் சந்தோஷம். எதிர்வீட்டுக்காரி போன கிழமை வந்து வெகுநேரம் இருந்துவிட்டுப் போனாளாம். முதலில் கூப்பிட்டது யார் என்று கேட்டேன். "நான்தான் படலையிலை நிண்டு கூப்பிட்டனான்" என்றாள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து எட்டு மணிக்கு முன் பஸ் எடுத்தால் இருக்க இடம் கிடைக்கும். முழங்கால் நோவுள்ளவர்கள் ஒரு சின்னத் தலையணை கொண்டு போங்கள், நிலம் சீமெந்து. கறை பட்டாலும் கவலையில்லாத சேலை உடுங்கள், பெயின்ற் போகாது. மத்தியானம் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் சன்னதி மடங்களில் அன்னதானம் இருக்கும், நடக்கத் தெம்பு வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் பக்கத்தில் இருந்து கீறுங்கோ, கீறுங்கோ என்று அரிக்க வேண்டாம். நான் கண் காட்டியதற்கே ஆரணியிடம் ஏச்சு வாங்கினேன்.

துணிகளை இப்போது நிறமுள்ள பக்கம் தெருவைப் பார்க்கத்தான் கட்டுகிறார்கள். ஆனாலும் பரமேஸ்வரி பூசுவது எந்தப் பக்கம் திருப்பினாலும் வெள்ளைதான். அதனால் இப்போதும் சில நாட்களில் யாராவது துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு படலையில் வந்து நிற்பார்கள். நீங்கள் போகிற அன்றைக்கு அப்படி ஒருவர் வந்து ஆர் போனது என்று கேட்டால், ஒருவருமில்லை என்று அவசரப்பட்டுச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஒரு கதிரையை எடுத்துப் போட்டுவிட்டு, உங்கள் அம்மா என்ன சொல்கிறா என்று பாருங்கள்.